கறிக்கு இனிமை தரும் வெங்காயம்
அரியும் முறையும் வதக்கும் முறையும்

மன்னார்த் தீவின் பேசாலை, தலைமன்னார், எருக்கலம்பிட்டி ஆகிய கரையோர ஊர்களில் காய்ச்சும் மீன் குழம்புக்கும், பெருநிலப்பரப்பில் கட்டுக்கரைக் குளத்து நீரால் நெல் விளையும் நானாட்டான், முருங்கன், அடம்பன் ஆகிய ஊர்களில் ஆக்கும் மரக்கறிக் குழம்புக்கும் அடிப்படையாய் அமைவது வெங்காயம். மிளகாயின் உறைப்பையும் புளியின் புளிப்பையும் தணித்துக் குழம்புக்குத் தடிப்பும் இனிமையும் தருவது அதுவே. எனினும், ஒரே தோட்டத்து வெங்காயம் ஒரு வீட்டில் இனிக்கின்றது. மற்றொரு வீட்டில் காறுகின்றது. வேறொரு வீட்டில் கசக்கின்றது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் வெங்காயமன்று. அதனை அரிந்த முறையும் வதக்கிய முறையுமே ஆகும்.

இஃது அடுப்படியோடு முடியும் செய்தியன்று. சின்ன வெங்காயம் காரமானது, குழம்பு இனிக்க வேண்டுமாயின் பெரிய வெங்காயமாகிய பம்பாய் வெங்காயமே வேண்டும் என்னும் எண்ணம் பல வீடுகளில் உண்டு. பெரிய வெங்காயத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து, சிறப்பாக இந்தியாவிலிருந்து வருவது. இந்திய அரசு 2019 செப்டம்பரிலும், 2020 செப்டம்பரிலும், 2023 டிசம்பரிலும் வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. இறுதியாகக் கூறிய தடை 2024 மே மாதம் வரை நீடித்தது. இத்தகைய காலங்களில் வெங்காயத்தை விலைக்கு வாங்கும் வீட்டார் இடர்ப்பட, தோட்டத்தில் விளைந்த சிறு வெங்காயமோ அளவிற் குறைந்ததென்று கழிக்கப்படுகின்றது. கறியின் இனிமைக்குச் சின்ன வெங்காயம் எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று என்பதை அறிந்த கமக்காரர், தம் விளைவைத் தாமே குறைவாக மதிக்கமாட்டார்.

வெங்காயத்தில் உள்ள இனிப்பு

உருளைக்கிழங்கைப் போல வெங்காயம் மாப்பொருளைச் சேமித்து வைப்பதில்லை. குளுக்கோசு, பிரற்றோசு, சுக்குரோசு ஆகிய சீனிச்சத்துக்களையும், பிரற்றோசு பல ஒன்றோடொன்று தொடுத்தாற்போன்ற பிரற்றான் என்னும் பொருளையும் அது சேமிக்கின்றது. ஆகவே இனிப்பு என்பது சமைக்கும்போது புதிதாய்த் தோன்றுவதன்று. அது வெங்காயத்தில் முன்னரே உண்டு. பச்சை வெங்காயத்தில் அதனை நா உணராமைக்குக் காரணம் இரண்டு. முதலாவது, காரம் இனிப்பை மறைத்து நிற்கின்றது. இரண்டாவது, மிகுந்த நீர் இனிப்பை ஐதாக்கி விடுகின்றது. காரத்தை நீக்குதலும் நீரைக் குறைத்தலும் ஆகிய இரண்டுமே இனிமைக்கு வழியாகும். பின்வரும் முறைகள் யாவும் இவ்விரண்டையும் பற்றியனவே.

காரம் தோன்றும் வகை

முழு வெங்காயத்தை முகர்ந்தால் கண்ணெரிவதில்லை, அரிந்தவுடன் எரிகின்றது. வெங்காயத்தின் ஒவ்வொரு கலத்திலும் கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் ஓரிடத்திலும், அதனைச் சிதைக்கும் நொதியம் வேறோர் இடத்திலும் பிரிந்து இருக்கின்றன. கத்தி பட்டுக் கலம் உடைந்ததும் இரண்டும் கலந்து காரப்பொருள்கள் உண்டாகின்றன. கண்ணீரை வரவழைக்கும் ஆவி தோன்றுவதற்கு வேறொரு நொதியமும் வேண்டும் என்பதை 2002ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் கண்டறிந்து வெளியிட்டனர்.

இதிலிருந்து பெறப்படும் விதிகள் மூன்று. உடையும் கலங்கள் எவ்வளவு மிகுமோ, அவ்வளவு காரம் மிகும். கலம் உடையுமுன் வெப்பம் புகுந்தால் நொதியம் செயலிழக்கும். பின்னர் அரைத்தாலும் காரம் தோன்றாது. உண்டாகிவிட்ட காரத்திற் பெரும்பகுதி ஆவியாகும் இயல்புடையது. திறந்த சட்டியில் வதக்கினால் அது வெளியேறும்.

இனிப்பு வெங்காயம் என்பது யாது?

ஐக்கிய அமெரிக்காவின் யோர்ச்சியா மாநிலத்தில் விளையும் விடாலியா என்னும் வெங்காயம் இனிப்புக்குப் பெயர் பெற்றது. அப்பெயரைக் காப்பதற்கென அம்மாநிலம் 1986ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியது. அவ்வெங்காயத்தைப் பச்சையாகவே உண்பர். ஆயினும் அதன் இனிமைக்குக் காரணம் சீனிச்சத்தின் மிகுதியன்று. அந்நிலத்தில் கந்தகம் குறைவாதலின் காரம் குறைகின்றது என்பதே காரணம். காரமான வெங்காயங்கள் பலவற்றில் சீனிச்சத்தும் திண்மப் பொருளும் அதனினும் மிகுதியாக இருத்தல் கூடும். பச்சையாக உண்பதற்கு மென்மையான வெங்காயம் சிறந்தது. ஆனால், அடுப்பில் காரம் நீங்கிவிடுமாதலின், கறிக்குக் காரமான வெங்காயமே மிகுந்த இனிமை தருவதும் உண்டு.

பெரிய வெங்காயமும் சின்ன வெங்காயமும்

பெரிய வெங்காயம் 1 கிலோகிராமில் ஏறத்தாழ 890 கிராம் நீரும், 42 கிராம் சீனிச்சத்தும் உண்டு. சின்ன வெங்காய வகையில் நீர் ஏறத்தாழ 800 கிராம். சீனிச்சத்து ஏறத்தாழ 79 கிராம். இனம், மண், நீர்ப்பாய்ச்சல் ஆகியவற்றுக்கேற்ப இவ்வளவுகள் கூடியும் குறைந்தும் வரும்.

இக்கணக்கின் பயன் அடுப்படியில் தெரியும். பெரிய வெங்காயம் 1 கிலோகிராமை 250 கிராமாக வற்றும்வரை வதக்கினால், அதிற் சீனிச்சத்து நூற்றுக்கு 17 பங்களவாகின்றது. இதற்கு 750 கிராம் நீரை ஆவியாக்க வேண்டும். சின்ன வெங்காயத்தைப் பாதியளவாக வற்றச் செய்தாலே நூற்றுக்கு 16 பங்கு இனிப்புக் கிடைத்துவிடும். ஆகவே, அரைக் கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட சின்ன வெங்காயம், ஒரு கிலோகிராம் பெரிய வெங்காயத்தின் இனிப்பைத் தரவல்லது. ஆவியாக்க வேண்டிய நீரும் 300 கிராமுக்கு உட்பட்டதே. விறகும் நேரமும் அந்த அளவுக்கு மிஞ்சுகின்றன.

சின்ன வெங்காயத்தில் உரிக்கும் வேலை அதிகம் என்பது உண்மை. உரிக்குமுன் கால் மணி நேரம் நீரில் ஊறவிட்டால் தோல் எளிதில் கழலும். உரித்தபின் ஈரம் போகத் துடைத்து அரிதல் வேண்டும்.

அரியும் முறைகள்

முழுதாக இடுதல்: சிறு குமிழ்களை உரித்து அரியாமலே எண்ணெயில் வதக்கிக் குழம்பில் இடலாம். கலங்கள் உடையாமையால் காரம் மிகக் குறைவு. குமிழ் வெந்து கடிபடும்போது இனிக்கும். ஆயின் இனிப்புக் குமிழினுள்ளேயே நிற்கும். குழம்பில் அதிகம் கலவாது. புளிக்குழம்புக்கு இம்முறை பொருந்தும்.

நீளவாக்கில் அரிதல்: வேர்ப்பக்கத்திலிருந்து தாட்பக்கம் நோக்கி, நரம்பு ஓடும் திசையிலே அரிதல். துண்டுகள் வெந்தும் உருக்குலையாமல் நிற்கும். பிரட்டற் கறிகளுக்கும் மீன் பொரியலுக்கும் ஏற்றது.

குறுக்கே அரிதல்: நரம்பைக் குறுக்கே வெட்டுவதால் வளையங்கள் விரைவில் இளகிக் கரையும். குழம்பின் சாற்றோடு வெங்காயம் ஒன்றுபட வேண்டுமாயின் இம்முறை நன்று.

பொடியாக அரிதல்: விரைவில் நீர்விட்டு விரைவில் நிறம் மாறும். காரம் முதலில் மிகுந்தாலும், திறந்த சட்டியில் வதக்கும்போது பெரும்பகுதி நீங்கும். துண்டுகள் ஒரே அளவாயிருத்தல் வேண்டும். இன்றேல் சிறியவை கருகிக் கசக்க, பெரியவை பச்சையாகவே நிற்கும். கத்தி கூராயிருத்தலும் வேண்டும். மழுங்கிய கத்தி கலங்களை நசுக்கிக் காரத்தை மிகுவிக்கும்.

பச்சையாக அரைத்தல்: அம்மியில் அரைத்தாலும் மின்பொறியில் அரைத்தாலும் கலங்கள் அனைத்தும் உடைகின்றன. எனவே காரம் மிகுதியாய்த் தோன்றும், கசப்பும் சேர்வதுண்டு. அரைத்த விழுதில் நீரும் மிகுந்திருப்பதால் அது வதங்காமல் கொதித்துச் சட்டியில் ஒட்டிப் பிடிக்கும். கறி காறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அரைத்தே ஆகவேண்டுமாயின் முதலில் வதக்கியோ அவித்தோ பின்னர் அரைத்தல் வேண்டும்.

அவித்து அரைத்தல்

உரித்த வெங்காயத்தை முழுதாகவோ இரண்டாகப் பிளந்தோ கொதிக்கும் நீரில் இட்டு, மிருதுவாகும்வரை அவிக்க வேண்டும். குளிர்ந்த நீரில் இட்டு மெல்லச் சூடேற்றுதல் கூடாது; நொதியத்துக்கு வேலை செய்ய அவகாசம் கொடுத்ததாகும். வெந்தபின் அரைத்தால் விழுது வெண்மையாய், காரமின்றி, மென்மையான இனிப்போடு அமையும். அவித்த நீரிலும் சீனிச்சத்து இறங்கியிருக்குமாதலின் அதனைக் கொட்டிவிடாமல் குழம்பிற் சேர்த்தல் வேண்டும்.

பிரித்தானியாவில் சில்ஹற் பகுதி மக்கள் பலர் நடத்திவந்த கறி உணவகங்களில் இம்முறை பெருவழக்காயிற்று. அங்கே மிகுந்த வெங்காயத்தைச் சிறிதளவு மசாலைப் பொருள்களோடு அவித்து அரைத்துப் பெரும் பாத்திரத்தில் ஆயத்தமாக வைப்பர். உண்பவர் கேட்கும் கறி எதுவாயினும், அப்பொதுச் சாற்றை முகந்து அதற்குரிய மசாலை சேர்த்துச் சில நிமிடத்தில் ஆக்கித் தருவர். பல கறிகளுக்குத் தடிப்பும் இனிமையும் தருவது அந்த ஒரு வெங்காயச் சாறே.

எனினும், அவித்த வெங்காயத்தில் பொன்னிறமாக வதக்கிய வெங்காயத்தின் மணம் இராது. அம்மணமும் வேண்டுவோர், விழுதை எண்ணெய் விட்டு மீண்டும் வதக்குதல் வேண்டும். அல்லது சிறிதளவு வெங்காயத்தைத் தனியே பொன்னிறமாக வதக்கி அதனோடு சேர்த்தல் வேண்டும்.

வதக்கும் முறை

சட்டியில் நீர் உள்ளவரை வெங்காயத்தின் வெப்பநிலை 100 பாகை செல்சியசை அடுத்தே நிற்கும். நீர் வற்றியபின் வெப்பம் ஏறும். அப்போது சீனிச்சத்தும் புரதக் கூறுகளும் கூடிப் பொன்னிறமும் நறுமணமும் தோன்றும். இம்மாற்றத்தை 1912ஆம் ஆண்டில் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மையாரின் பெயராலேயே அது வழங்குகின்றது. நீர் வற்றும்வரை பொறுத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். அடுப்பை அளவுக்கு மிஞ்சி எரிப்பின் ஓரம் கருகும். நடுவோ பச்சையாய் நிற்கும்.

அரைக் கிலோகிராம் வெங்காயத்துக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் போதும். எண்ணெய் சூடானதும் வெங்காயத்தையும் அரைத் தேக்கரண்டி உப்பையும் இடுக. உப்பு உள்ளிருக்கும் நீரை வெளிப்படுத்தி விரைவில் இளகச் செய்யும். காரம் வெளியேறுமாறு சட்டியைத் திறந்தே வைத்தல் வேண்டும். நீர் வற்றும்வரை நடுத்தரத் தீயும், வற்றியபின் சிறு தீயும் தகும். அடியிற் பிடித்தால் ஒரு கரண்டி நீர் தெளித்துச் சுரண்டி விடுக. அடியிற் பிடித்த பொன்னிறப் பகுதியும் சாற்றோடு சேரும். வெங்காயம் நன்கு இளகிப் பொன்னிறமாக அரை மணி நேரமும் அதற்கு மேலும் செல்லலாம்.

பொன்னிறமே எல்லையாகும். அதற்குமேல் கபில நிறமாகும்போது மணம் மிகுமாயினும் சீனிச்சத்து அழிந்து இனிப்புக் குறையும். கறுத்தால் கசப்பே எஞ்சும். கருகிய வெங்காயத்தின் கசப்பை எந்தப் பொருளைச் சேர்த்தும் போக்கல் இயலாது.

விரைவில் நிறம் மாற அப்பச்சோடா சேர்ப்பாரும் உளர். அது நிறத்தை விரைவுபடுத்துவது உண்மையே. ஆயின் வெங்காயம் குழைந்து கூழாகிச் சவர்க்காரச் சுவை ஏறிவிடும். புளி அதற்கு மாறானது. புளிப்பு, வெங்காயம் இளகுவதையும் நிறம் மாறுவதையும் தடுக்கும். எனவே பழப்புளி, தக்காளி, தேசிக்காய்ச் சாறு ஆகியவற்றை வெங்காயம் முற்றாக வதங்கியபின்னரே சேர்த்தல் வேண்டும். முன்னரே சேர்த்துவிட்டு எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அவ்வினிமை வாராது.

மன்னார்க் கறிகளில் இம்முறைகள்

மீன் குழம்பு: குறுக்கே அரிந்த சின்ன வெங்காயத்தைப் பொன்னிறம் தொடங்கும்வரை வதக்கி, மிளகாய்த்தூள் சேர்த்து, பின்னர் புளிக்கரைசல் விடுக. அது கொதித்தபின் மீனை இட்டு, இறுதியில் தேங்காயின் முதற்பாலை விட்டு இறக்குக. புளியும் உறைப்பும் மிகுந்த குழம்பைச் சமன்செய்யச் சீனியோ பனங்கட்டியோ வேண்டியதில்லை.

கருவாட்டுக் குழம்பு: கருவாட்டின் உப்பு மிகுதியாதலின் வெங்காயம் வதக்கும்போது இடும் உப்பை மிகக் குறைத்தல் வேண்டும். அளவில் வெங்காயம் கூடினால் உப்பின் கடுமை தணியும். முழுக் குமிழ்களிற் சிலவற்றையும் சேர்ப்பது நன்று.

சொதி: இதற்கு நிறம் வேண்டுவதில்லை. வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து, தேங்காயின் இரண்டாம் பாலில் நன்கு அவியவிட்டு, முதற்பாலைக் கடைசியில் சேர்க்க வேண்டும். அவியாத வெங்காயம் சொதியில் காரத்தையே தரும்.

தோட்டத்தில் கவனிக்க வேண்டியவை

கறியின் இனிமை தோட்டத்திலேயே தொடங்குகின்றது. வெங்காயம் உவரைத் தாங்காத பயிர். தீவிலும் கரையோரத்திலும் கோடை முற்ற முற்றக் கிணற்று நீர் உவரேறுமாதலின், நடுமுன்பே நீரின் உவர்த்தன்மையைப் பரிசோதித்தல் வேண்டும். உவர் நீரால் குமிழ் சிறுத்து விளைவு குன்றும். முருங்கன் பகுதிக் கருங்களி நிலத்தில் நீர் தேங்குமாதலின் உயர்ந்த பாத்தியும் வடிகாலும் இன்றியமையாதவை.

தழைச்சத்துப் பசளையைப் பிந்திய காலத்தில் மிகுதியாக இடுவதாலும், அறுவடை வரை நீர் பாய்ச்சுவதாலும் குமிழ் நீர்கோத்துக் கழுத்துத் தடிக்கும். அத்தகைய குமிழ் நெடுநாள் இராது. வதக்கும்போதும் நீர் வற்ற நெடுநேரம் செல்லும். தாள்களிற் பாதிக்கு மேற்பட்டவை மடியத் தொடங்கியதும் நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, ஒரு வாரமளவில் பிடுங்குதல் தகும். பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு பிடிகளாகக் கட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் தொங்கவிட்டு உலர்த்துக. கழுத்து நன்கு உலர்ந்தபின்னரே சேமிக்க வேண்டும்.

தரம் பிரிக்கும்போது மிகச் சிறியனவும், இரட்டைக் குமிழ்களும், மண்வெட்டி பட்டனவும் ஒதுக்கப்படும். இவை சந்தையில் விலை பெறாவிடினும் சுவையிற் குறைந்தனவல்ல. வெட்டுப்பட்டவற்றை முதலிலும், தடித்த கழுத்துடையவற்றை அடுத்தும் வீட்டுக் கறிக்குப் பயன்படுத்தி, நல்லனவற்றைச் சேமிப்புக்கும் விற்பனைக்கும் வைத்தல் சிக்கனமாகும். அழுகியதையும் பூஞ்சணம் பிடித்ததையும் கறிக்குச் சேர்த்தல் ஆகாது.

ஓர் எச்சரிக்கை

வதக்கிய வெங்காயத்தை மிகுதியாகச் செய்து வைப்போர் ஒன்றை மறத்தலாகாது. எண்ணெய் சூழ்ந்த வெங்காயத்துள் காற்றுப் புகாது. அந்நிலையில் வெதுவெதுப்பாக வைத்திருப்பின் பொற்றுலிசம் என்னும் நோயை விளைக்கும் கொடிய நஞ்சை உண்டாக்கும் பற்றீரியா பெருகும். 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பியோரியா நகரில், கொழுப்பில் வதக்கி வெதுவெதுப்பாக வைத்திருந்த வெங்காயத்தை உண்ட 28 பேர் இந்நஞ்சால் நோயுற்றனர். நஞ்சு சேர்ந்த உணவு மணத்தாலும் நிறத்தாலும் வேறுபட்டுத் தோன்ற வேண்டுமென்பதில்லை. ஆகவே வதக்கிய வெங்காயத்தையும் அவித்து அரைத்த விழுதையும் அன்றன்றே பயன்படுத்துக. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டார் உடனே அதனுள் வைத்து இரண்டு மூன்று நாளுள் முடித்துவிடுக.

வீட்டிற் செய்து பார்க்கத்தக்க பரிசோதனை

ஒரே பாத்தியில் விளைந்த வெங்காயத்தை 250 கிராம் வீதம் மூன்று பங்காக்குக. முதற் பங்கைப் பச்சையாக அரைத்தும், இரண்டாம் பங்கைக் குறுக்கே அரிந்தும், மூன்றாம் பங்கை அவித்து அரைத்தும் வைக்க. மூன்றையும் ஒரே அளவு எண்ணெயும் உப்பும் இட்டு, ஒரே தீயில் தனித்தனியே வதக்குக. மசாலை எதுவும் சேர்க்குமுன் ஒவ்வொன்றையும் சுவைத்துப் பார்க்க. முதலாவதில் காறலும், இரண்டாவதில் மணத்தோடு கூடிய இனிப்பும், மூன்றாவதில் மென்மையான இனிப்பும் புலப்படும். பின்னர் சின்ன வெங்காயத்தையும் பம்பாய் வெங்காயத்தையும் சம எடையில் எடுத்துக் குறுக்கே அரிந்து வதக்கிப் பார்க்கின், எது விரைவில் இனிப்படைகின்றது என்பதும் தெளிவாகும்.

கண்ணீர் வருவிக்கும் வெங்காயம் கறிக்கு ஆகாதது என்று ஒதுக்குதல் தவறு. குறுக்கே அரிந்து, சட்டியைத் திறந்து வைத்து, நீர் வற்றும்வரை பொறுத்து, பொன்னிறத்தில் நிறுத்தி, அதன்பின் புளி சேர்ப்போர் வீட்டில், அளவிற் சிறுத்ததென்று கழித்த குமிழும் நல்ல கறியாகும். விளைந்தது ஒன்றும் வீண்போகாமற் காப்பதும் விளைச்சலைப் பெருக்குவதற்கு ஒப்பாகும்.